மருந்துத் துண்டு முடியும் இடம்

(வஹகோட்டையில் திருவிழாவுக்கு வந்திருந்த தமிழ் யாத்திரிகர்கள் முன்னிலையில் ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடைக்கு வருமுன் புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் சற்று நேரம் நின்றேன். நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவனுக்குக் கண் சும்மா இருப்பதில்லை. ஒரு தாயின் இடுப்பில் வயதுக்குத் தக்க எடை இல்லாத குழந்தை. கால் வீங்கிய ஒருவரை அவருடைய மகன் தோளில் தாங்கி நடத்தி வந்தான். மூச்சு வாங்க வாங்க ஒரு கிழவி படியில் உட்கார்ந்திருந்தாள். இங்கே வைக்கும் நேர்த்திகளில் பாதி நோய்க்கான நேர்த்தி. இவர்கள் ஆஸ்பத்திரியை அறியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். போயிருக்கிறார்கள், வரிசையில் நின்று மருந்தெடுத்திருக்கிறார்கள், குணமாகியும் இருக்கிறார்கள். அதே நோய் திரும்ப வந்திருக்கிறது. அதன் பிறகுதான் இங்கே வந்திருக்கிறார்கள்.

வைத்தியர் ஒருவர் எதற்காக அரசியலுக்குப் போகிறார் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நோய் ஏன் திரும்பி வருகிறது என்பது என்னுடைய கேள்வி. இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்று நினைப்பதால் இந்த அழைப்பை ஏற்றேன்.

போன உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் ஓர் இளம் வைத்தியர் என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் பிறந்த பிள்ளை. "சேர், பிரதேச சபைக்கு எலெக்ஷன் கேக்கச் சொல்றாங்க. இறங்கலாமா?" என்றார். அன்று அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. தொழிலைப் பார், பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே என்ற அளவில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போனார். இன்று பேசப் போவது அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

என்னுடைய முதல் நியமனம் இந்த மாவட்டத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஒரு தோட்டத்து லயத்திலிருந்து ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை வயிற்றோட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கும் நிலை. சேலைன் ஏற்றினோம், இரண்டாம் நாள் சிரித்தது. ஜீவனிப் பைக்கற்றுகள் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்று தாய்க்குச் சொல்லி அனுப்பினேன். பதினொரு நாள் கழித்து அதே குழந்தை. பிறகு அந்த மாதமே மூன்றாம் தடவை. மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கொதிக்க வைக்கச் சொன்னேனே, கேட்கவில்லையா?" என்று அந்தத் தாயை அதட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "காலையில ஆறு மணிக்கு மலைக்குப் போகணுங்க ஐயா. வெறகு நனைஞ்சு கெடக்கு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். இருபது குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்ப் பீலி. பீலிக்கு மேலே, சரிவில், இடிந்த மலசலகூடம். மழை பெய்தால் எது எங்கே இறங்கும் என்று சொல்ல வைத்தியப் படிப்பு தேவையில்லை. எழுதினேன். தோட்ட நிர்வாகத்துக்கு எழுதினேன். அது சபையின் வேலை என்றார்கள். சபைக்கு எழுதினேன்; தோட்டத்துக்குள் நாங்கள் கை வைக்க முடியாது என்று பதில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கக் குறுக்கே நின்றது. வாக்குக் கேட்க லயத்துக்குள் வரலாம், வென்றபின் பீலிக்கு ஒரு மூட்டை சீமெந்து போட முடியாது. அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருஷம்.

அந்தப் பெண் குழந்தைக்கு நான் எழுதிய மருந்துத் துண்டில் எந்தப் பிழையும் இல்லை. அது பீலியடியில் முடிந்துபோனது. அதற்கு அப்பால் எழுத வேண்டிய துண்டை எழுதும் அதிகாரம் வேறொரு மேசையில் இருந்தது. அந்த மேசைக்குப் போக வேண்டும் என்று ஒரு வைத்தியருக்குத் தோன்றினால், அதை நான் ஆசை என்று சொல்லமாட்டேன். வைத்தியத்தின் மீதி என்றே சொல்வேன்.

இந்த ஊருக்கு இது புதிய செய்தி இல்லை. கண்டி இராச்சியத்துக்குள் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் தங்கள் விசுவாசத்தைக் காத்த ஊர் வஹகோட்டை. அந்த இராச்சியத்தில் கத்தோலிக்கருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். 1692இல் கண்டிக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவியது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் நகரை விட்டு அகன்றான். நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் தங்கினார்கள். குடிசை போட்டுப் படுக்க வைத்தார்கள், கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். மன்னனின் மனம் அதன் பிறகே முழுதாகத் திறந்தது. சமயப் பணிக்கு இராச்சியத்தில் தடை நீங்கியது. அடிகள் எந்தப் பதவியும் கேட்டவர் அல்லர், வைத்தியரும் அல்லர். ஆனால் நோயாளியின் அருகில் இருந்தவனின் சொல்லுக்கு ஆட்சியாளனின் காது திறக்கும் என்பதை இந்த மலைநாடு அன்றே கண்டுவிட்டது. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது இங்கிருந்தும் பலர் போயிருப்பீர்கள்.

இனி, நம் தாத்தாக்கள் காலத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் வைத்தியரையும் அரசியலையும் சேர்த்து முடிச்சுப் போட்டது ஒரு நுளம்பு.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மஹ ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று, மணற்படுகையில் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பின் ஒரு வகைக்கு, வெயில் படும் தெளிந்த குட்டைகள்தான் பிடித்த இடம். ஓடும் ஆற்றில் அதன் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும்; நின்ற ஆற்றில் கோடிக்கணக்கில் பெருகும். ஒக்டோபரில் காய்ச்சல் தொடங்கியது. டிசம்பரிலும் ஜனவரியிலும் குருநாகல், கேகாலை மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு பாய் விரித்துக் கிடந்தார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் எழுந்து நிற்க ஆள் இல்லை. ஏறத்தாழ 55 இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 15 இலட்சம் பேர் அளவில் நோயுற்றார்கள். 80,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெரும் பங்கு குழந்தைகள்.

காலங்காலமாக மலேரியாவோடு வாழ்ந்த வறண்ட வலயத்தாரின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. அதற்குத் தெற்கே, எப்போதாவது மட்டும் அந்தக் காய்ச்சலைக் கண்ட ஊர்களில் அது இல்லை. நுளம்பு அங்கே புகுந்ததால்தான் இத்தனை சாவு. இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை, வீடு வீடாக மருந்து கொண்டு போனவர்கள் கண்டார்கள்.

அப்போது சூரியமல் இயக்கம் என்று ஒன்று இருந்தது. நவம்பர் 11ஆம் திகதி பிரித்தானியப் படைவீரர் நிதிக்காகப் பொப்பிப் பூ விற்பார்கள். அதற்கு எதிராக நம் நாட்டுச் சூரியப் பூவை விற்று, அந்தப் பணத்தை இங்குள்ள ஏழைகளுக்குச் செலவிட்ட இளைஞர்களின் இயக்கம் அது. காய்ச்சல் வந்ததும் அவர்கள் பூவை வைத்துவிட்டுக் கொயினா மருந்தைக் கையில் எடுத்தார்கள். கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர்களோடு போனவர்களில் இருவர் வைத்தியர்கள். ஒருவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க. மாத்தறைப் பகுதிக்காரர், இலண்டனில் மேற்படிப்புப் படித்தவர், 1931 முதல் அரசாங்க சபையில் மொரவக்கைத் தொகுதி உறுப்பினர். மற்றவர் டாக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத்துக்கு மிஷன் வைத்தியராக வந்து, தமிழர் ஒருவரை மணந்து நம்மவராகிவிட்ட அம்மையார்.

அவர்கள் கண்டது என்ன? கொயினா கொடுத்தால் காய்ச்சல் இறங்குகிறது. ஆனால் ஆள் எழும்புவதில்லை. வயிறு ஒட்டிப்போய், கால் வீங்கி, இரத்தம் வெளிறிப்போய்க் கிடக்கிறார்கள். வரட்சியில் வயல் போயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காய்க்கும் றப்பருக்கும் விலை போயிற்று. நுளம்பு கடிக்குமுன்பே பசி அந்த உடம்புகளைத் தின்றுவிட்டிருந்தது. அந்தத் தொண்டர்கள் மார்மைட்டை வாங்கி, உருண்டை பிடித்து, மாத்திரைபோல் கொடுத்தார்கள். ஊட்டச்சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் மட்டுமே மக்கள் அதை மருந்தென்று நம்பி விழுங்குவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு அந்த உருண்டை பெரிய விஷயமாகத் தெரிகிறது. கிராமமே பட்டினியாகக் கிடக்கும்போது எத்தனை உருண்டை பிடிக்க முடியும்? அந்தக் கணக்கைப் போட்ட வைத்தியருக்கு, காணி யாரிடம் இருக்கிறது, அரிசி என்ன விலை, நிவாரணம் எப்போது வருகிறது என்ற கேள்விகள் வந்தே தீரும். அவை அரசாங்க சபையில் கேட்க வேண்டிய கேள்விகள்.

1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அதைத் தொடக்கியவர்களில் விக்கிரமசிங்கவும் ஒருவர். அதே நிவாரண வேலையில் ருவன்வெல்லையில் பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவைச் சனங்கள் "பருப்பு மஹத்தயா" என்று அழைத்தார்கள். 1936 தேர்தலில் அவர் வென்றார். வைத்தியரான விக்கிரமசிங்க மொரவக்கையில் தோற்றார். இதை வைத்தியப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஊசி போட்ட கைக்கு வாக்குக் கைம்மாறாக வரும் என்று எண்ணி இறங்காதீர்கள். அவர் தோற்றதோடு வீட்டுக்குப் போகவில்லை. 1943இல் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவினார், பின்னர் அக்குரஸ்ஸைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். அவருடைய கட்சியின் எல்லா முடிவுகளையும் நான் ஏற்பவன் அல்லன். ஆனால் காய்ச்சற்காரனின் பாயருகில் தொடங்கி அவர் நடந்த வழியில் எனக்கு ஐயம் இல்லை.

மலேரியாவின் மீதிக் கதையும் கேளுங்கள். 1946இலிருந்து டி.டி.ரி. தெளித்தார்கள். 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள் மட்டுமே பதிவானார்கள். பதினேழு! வெற்றி என்று எண்ணித் தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 69இல் நோய் திரும்பிப் பாய்ந்து, 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. அதை விரட்ட இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. 1969இல் திரும்பிப் பாய்ந்த நோய், வேலை முடியுமுன் கையை எடுத்ததற்கு நுளம்பு கொடுத்த பதில். அப்படிக் கையை எடுக்க முற்படும்போது மேசையைத் தட்டி "பொறுங்கள்" என்று சொல்ல, நோயைக் கண்ணால் கண்ட ஒருவர் அந்த அறைக்குள் இருக்க வேண்டும்.

அப்படி அந்த அறைக்குள் போனவர் ஜெர்மனியில் ருடோல்ஃப் ஃபிர்ஹோ என்று ஒருவர். உயிரணு பற்றி இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறீர்களே, அந்த அறிவில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1848இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவ, இருபத்தாறு வயது வைத்தியரான அவரைப் பிரஷ்ய அரசாங்கம் பார்த்துவரச் சொல்லி அனுப்பியது. அவர் திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் கேட்டவை: கல்வி, வீதி, நல்ல கூலி, மக்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் உரிமை. அரசாங்கம் மகிழவில்லை. 1859இல் பெர்லின் நகர சபைக்குள் போனார். பிறகு பிரஷ்யச் சட்டசபை. சட்டசபையில் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கோடு மோதியதைப் பெரிதாகச் சொல்வார்கள். பெர்லினின் கழிவுநீர்க் கால்வாய்க்காக நகர சபையில் வருஷக்கணக்கில் அவர் உட்கார்ந்து வாதாடியதையே நான் பெரிதாகச் சொல்வேன். கால்வாய் வந்த பிறகு காப்பாற்றப்பட்ட குழந்தைகளுக்கு அவர் யாரென்று தெரியாது.

மேரி ரட்ணம் அம்மையாரிடம் திரும்புகிறேன். 1873இல் பிறந்து, 1896இல் இங்கே வந்தவர். தமிழரை மணந்ததற்காக மிஷன் அவரை ஏற்காமல் விட்டது; கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். பிரசவத்துக்கு வரும் பெண்கள் கையெழுத்துப் போடவும் தெரியாமல், கணவனைக் கேட்காமல் வாய் திறக்கவும் பழகாமல் இருந்ததைப் பார்த்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1927இல் எழுந்த சங்கத்தில் முன்னணியில் நின்றார். 1931இல் ஆண் பெண் பேதமில்லாமல் வாக்குக் கிடைத்தது. 1930இல் லங்கா மஹிளா சமிதியைத் தொடங்கிக் கிராமப் பெண்களைக் கூட்டினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார்; அங்கே முதற் பெண் உறுப்பினர். சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அவரை அங்கே நிலைக்க விடவில்லை. 1958இல் மக்சேசே விருது வந்தபோது அவருக்கு எண்பத்தைந்து வயது.

அதே 1937இல் அதே சபை தன் முதலாவது மேயரைத் தெரிவு செய்தது. அவரும் ஒரு வைத்தியர், தமிழர்: டாக்டர் ரட்ணசோதி சரவணமுத்து. 1931இல் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தேர்தல் வழக்கில் அந்த இடத்தை இழந்தவர். 1932 இடைத்தேர்தலில் அதே இடத்தை அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து வென்றார். வைத்தியர் என்பதற்காக யாருக்கும் தேர்தல் சட்டம் விலகி வழிவிடாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். கையைக் கழுவிவிட்டுத்தான் சத்திரசிகிச்சை அறைக்குள் போவோம்; சபைக்குள் போவதற்கும் அது பொருந்தும்.

இப்போது மறுபடி கடல் தாண்டிப் போக வேண்டும். ஒரு வைத்தியரின் அரசியல் எங்கே தொடங்கியது, எவ்வளவு காலம் எடுத்தது, எங்கே தடுக்கியது என்று அறிய எனக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை விட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை மகாராஜா கல்லூரித் தலைவர் நாராயணசாமி ஐயர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்களின் கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாகப் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவந்தார். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். இளம் பெண், வயிற்றுக்கடுப்பு என்று சொல்லிச் சொல்லி நாள் போக்கிவிட்டு, தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. வைத்தியராக இருந்தும் அக்காவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குப் போனபோது புற்றுநோய் வைத்தியத்தையும் பார்த்து வந்தார்.

1926இல் இந்திய மாதர் சங்கத்தார் சட்டசபைக்குப் போகச் சொல்லிக் கேட்டபோது அவர் தயங்கினார். நோயாளிகளை என்ன செய்வது என்பதே அவருடைய முதற் கவலை. அந்தத் தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தயங்காமல் பாயும் வைத்தியரைப் பார்த்தால் எனக்குப் பயம். சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினராகி, 1927இல் அதன் துணைத் தலைவராக ஏகமனதாகத் தெரிவானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வசதி, ஏழைப் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி என்று அவர் கேட்டவை எல்லாம் நோயாளிக் கட்டிலிலிருந்து எழுந்த கோரிக்கைகள்.

பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்தபோதுதான் பெரும் எதிர்ப்பு. சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களே திரண்டு மனு எழுதினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்கள் தங்கள் கலையும் சொத்தும் மானமும் என்னாகும் என்று கேட்டார்கள். முத்துலட்சுமி செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். சிறுமிகளின் வாழ்வு அதில் இருந்தது. ஆனால் அந்தப் பெண்களின் கேள்விக்கு இன்னும் நிதானமாகக் காது கொடுத்திருக்கலாம் என்றும் நினைக்கிறேன். வைத்தியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் சொல்வோம், நோயாளி கேட்பார். நாக்கை நீட்டு என்றால் நீட்டுவார். சபையில் யாரும் நாக்கை நீட்டமாட்டார்கள். அங்கே கேட்கும் வேலை நம்முடையது. இதைப் பழகாத வைத்தியர் சபைக்குப் போனால் ஆறு மாதத்தில் கோபித்துக்கொண்டு வெளியே வருவார்.

1930இல் காந்தியடிகள் கைதானபோது முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். தேவதாசி மரபிலிருந்து வெளியேறிய பெண் பிள்ளைகள் தங்க இடமின்றி அவருடைய கதவைத் தட்டினார்கள். வீட்டிலேயே இடம் கொடுத்தார், அது அவ்வை இல்லம் ஆயிற்று. 1937இல் சென்னை மாநகராட்சியிலும் இருந்தார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954இல் 12 கட்டில்களோடு திறந்தது. தங்கை இறந்து முப்பத்தொரு வருஷம். சற்று முன் ஒரு சட்டப் பிரிவைத் திருத்த முப்பத்தொரு வருஷம் என்றேன். தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் இந்த வேலைக்கு இறங்குபவர் எந்த அளவுகோலில் காலத்தை அளக்க வேண்டும் என்பதை இரண்டும் ஒன்றாகக் காட்டுகின்றன. மாத்திரை அரை மணியில் வேலை செய்யும்.

எல்லா வைத்தியர்களும் இப்படிப் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மருந்து கொடுத்த வீடுகளை எண்ணி வாக்காகக் கணக்கிடுபவர் உண்டு. கட்சிக்கு ஒரு வெள்ளைச் சட்டை தேவை, அவருக்கு ஒரு பதவி தேவை என்ற அளவில் முடிகிற உறவும் உண்டு. வென்றபின் ஆஸ்பத்திரிப் பக்கமே தலை காட்டாதவர்கள் உண்டு. அவர்களை எப்படி இனங்காண்பது? வாக்குக் கேட்டு வரும் வைத்தியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நோயாளி உங்களை இங்கே அனுப்பினார்? பெயர் சொல்ல வேண்டாம். நோயைச் சொல்லட்டும், இடத்தைச் சொல்லட்டும், எதற்கு மேல் அவருடைய மருந்து செல்லவில்லை என்று சொல்லட்டும். சொல்லத் தெரிந்தவரிடம் சரக்கு இருக்கிறது. நாடு, இனம், வளர்ச்சி என்று பொதுப்படப் பேசினால், நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டேன், சரக்கு இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட நோயாளிகளுக்குப் பஞ்சம் இல்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத சிறுநீரக நோய், இந்த மாவட்டத்தின் வில்கமுவைப் பக்கத்தையும் தொட்டிருக்கிறது. பெரும்பாலும் வயலில் வெயிலில் நிற்கும் விவசாயிகள். கிணற்று நீரின் கடினம், புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். முடிவு இன்னும் ஒன்றுபடவில்லை. காரணம் தெரியும்வரை வைத்தியர் இரத்தச் சுத்திகரிப்புக்கு எழுதலாம். நல்ல தண்ணீருக்கு யார் எழுதுவது? பிரதேச சபைச் சட்டத்தில் முதலில் நிற்கும் கடமை பொதுச் சுகாதாரம். பிறகு பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள். சட்டம் எழுதியவர்கள் சரியான வரிசையில்தான் எழுதினார்கள். சபைகளில் நடக்கும் பேச்சில் வீதி முதலில் வருகிறது, ஏனென்றால் வீதிக்குத் திறப்பு விழா உண்டு, பீலிக்குக் கிடையாது.

தோட்டத்துப் பிள்ளைகளே, உங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் அந்த வடக்குப் பாதை. வாந்திபேதியிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் வழியெல்லாம் விழுந்தார்கள்; புதைத்த இடத்துக்கு அடையாளமும் இல்லை. தப்பி மாத்தளையை அடைந்தவர்கள் முத்துமாரியம்மனுக்குக் கோயில் வைத்தார்கள். 1948இல் அவர்களுடைய பிள்ளைகளின் குடியுரிமையைப் பறித்தார்கள்; வாக்கில்லாத சனத்தின் பீலியை எந்த உறுப்பினரும் எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இன்று வாக்கு இருக்கிறது. 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டுவிட்டது. தோட்டத்துக்குள் எங்களால் முடியாது என்று இனி எந்தச் சபையும் எழுத முடியாது.

என்னிடம் வந்த அந்த இளம் வைத்தியர் எலெக்ஷன் கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டார். அது என்மேல் ஒரு கடன். ஆகவே இங்கே இருக்கும் வைத்திய மாணவர்களிடமும், தாதிகளிடமும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடமும், குடும்பநல மாதுகளிடமும் ஒன்று கேட்கிறேன். பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். அடுத்த மாதம் ஒரு தடவை போங்கள். போகுமுன், திரும்பத் திரும்ப உங்களிடம் வரும் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய், அவர் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பார்த்ததைத் திகதி போட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாளை வாங்கிப் படிக்க அங்கே ஒருவரும் இல்லை என்று கண்டால், அடுத்த எலெக்ஷனை நீங்கள் கேளுங்கள். அப்போது ஆலோசனைக்கு என் வீட்டுக்கு வர வேண்டாம். நானே உங்களோடு லயம் லயமாக வருகிறேன்.